மச்சாளின் காவற்காரர்

எங்கள் ஒழுங்கைக்குள் புதிதாக ஒருவர் வந்தால், நாய் குரைக்க முன்னர் மச்சாள் செருமுவார். அந்தச் செருமலுக்கே சைக்கிளில் வந்தவர் இறங்கிவிடுவார். பிறகு மச்சாள் வாசற்கதவான படலையின் மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு ஆறுதலாகத் தொடங்குவார்.

"ஆர் நீங்கள்? ஆரிட்டைப் போறியள்?"

இது முதற் கேள்விதான். ஆரிடம் போகிறார் என்று தெரிந்தால், அவர்கள் என்ன முறை என்று வரும். முறை தெரிந்தால் தாயின் ஊர். ஊர் தெரிந்தால் ஊரில் எந்தப் பக்கம், எந்தக் கோயிலுக்குக் கிட்ட. மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர் தன் கலியாணம் பேசிக் குழம்பிய கதை முழுவதையும் அந்தப் படலையடியில் நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மீற்றரைப் பார்த்தாரோ தெரியாது.

மச்சாள் என்றால் என் அண்ணையின் மனைவி. எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நான் மச்சாள். ஆளையாள் பகிடி பண்ண உரிமை உள்ள முறை அது. நாங்கள் இருவரும் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. தொண்டைமானாற்றில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. நாங்கள் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள். எழுத்து எனக்கு மட்டுமட்டாகத்தான் வரும். ஆளை அளக்க எழுத்துத் தேவையில்லை என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

மச்சாள் சாதி விசாரிக்கிறார் என்று கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. சாதி விசாரிக்கிற விதம் எனக்குத் தெரியும். அப்படிக் கேட்பவர்கள் பதில் வந்ததும் முகம் மாறி, அதோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். மச்சாளுக்கு முகம் மாறாது. அடுத்த கேள்வி வரும். ஊரிலிருக்கிற ஒவ்வொருவரும் எங்கேயாவது சுற்றி வளைத்துத் தனக்குத் தெரிந்த ஒருவரோடு முட்டத்தான் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். முட்டுமட்டும் விடமாட்டார். சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் எங்களை மறித்துக் கேள்வி கேட்ட காலத்திலும், அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே, "தம்பிக்கு அம்மா அப்பா இருக்கினமோ?" என்று திருப்பிக் கேட்டவர் அவர். அந்த ஆமிப் பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஏதோ விளங்கித் தலையாட்டினான்.

அண்ணை இருக்குமட்டும் இதற்கு ஓர் எல்லை இருந்தது. சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தபடியே, "காணும், அந்த மனுசனை விடும்" என்பார். சத்தமாகச் சொல்லமாட்டார். மச்சாள் உடனே வழிவிடுவார். அடுத்த நாள் பழையபடி தொடங்கும், அண்ணையும் பழையபடி "காணும்" என்பார். அண்ணை இறந்து போன பிறகு அதைச் சொல்ல ஆளில்லை. வெயில் ஏறுமட்டும் ஆட்களை மறித்து வைத்திருப்பார். ஐஸ்கிறீம் வான்காரர் எங்கள் ஒழுங்கையையே விட்டுவிட்டார். சாமான் கரைகிறது என்றாராம்.

இவ்வளவு கேட்கிற மனுசியை ஒருவரும் ஒன்றும் கேட்கக்கூடாது. "மெலிஞ்சு போனீர் மச்சாள்" என்றால், "உம்மடை கண்ணைக் காட்டும் ஒருக்கால், பூ விழுந்திட்டுதுபோலை" என்பார். அதோடு என் கண்ணைப் பற்றிய விசாரணை தொடங்கிவிடும்.

இப்படிப்பட்ட மச்சாளையும் ஒருவன் ஏமாற்றினான். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மச்சாள் முறைக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவன் ஒரு நாள் காலமை வந்தான். இவர் செருமுவதற்கு முன்னரே "மாமி" என்றான். இவருடைய ஐயா கப்பலோட்டிய காலத்தில் கூடப் போன ஒருவரின் பேரன் தான் என்றான். ஐயாவின் பட்டப்பெயரைச் சொன்னான். அவர் சுருட்டை எந்தக் கையில் பிடிப்பார் என்றுகூடச் சொன்னான். மச்சாள் படலையை அகலத் திறந்தார். விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை, தயிர் எல்லாம் கொடுத்தார். சாப்பிட்டவன் கிணற்றடியில் கை கழுவினான். பின்னேரம் பார்த்தால் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டரைக் காணவில்லை.

"எங்கடை ஆள் மாதிரியே கதைச்சான் மச்சாள்" என்று மட்டும் சொன்னார். ஒரு கிழமை நாங்கள் வாளியால் தண்ணீர் அள்ளினோம். அள்ளும்போதெல்லாம் நான் அந்தப் பேரனைச் சுகம் விசாரித்தேன்.

அவருடைய குதிக்காலில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. முள்ளுக் குத்திய அடையாளம் என்று வைத்திருந்தார். அது பரவியது, வெடித்தது, ஆறாமல் கிடந்தது. காலைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் என்னுடைய மூட்டு வலியை விசாரித்தார். தொடை இடுக்கில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி வந்து, நடக்கும்போது கொழுவியபோதுதான் ஆசுபத்திரிக்கு வரச் சம்மதித்தார். தோலில் வருகிற ஒரு வகைப் புற்று என்றார்கள். காலிலிருந்து இடுக்குக்கும், அங்கிருந்து சுவாசப்பைக்கும் போய்விட்டது. வெட்டி எடுத்து முடிக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

அங்கே ஒரு டொக்டர்ப் பிள்ளை இருந்தார். இளம் பிள்ளை. மச்சாள் அவருக்கு முன்னால் இருந்ததும் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"வட்டுக்கோட்டை, அம்மா."

"வட்டுக்கோட்டையிலை எந்தப் பக்கம்?"

"கொலிஜுக்குப் பின்னாலை. காலை ஒருக்கால் காட்டுங்கோ."

"காட்டுறன். வேதக்காரரோ?"

"ஓம் அம்மா, கிறிஸ்தவர்தான்."

"அப்பா என்ன செய்தவர்?"

"கணக்கு வாத்தியார்."

அப்போதுதான் கால் வெளியே வந்தது.

மச்சாளின் மகள் கனடாவிலிருந்து தொலைபேசியில் டொக்டரோடு கதைத்து, புது விதமான ஒரு மருந்துக்கு ஒழுங்கு செய்தாள். சேலைன் ஏற்றுகிற மாதிரி, சில கிழமைக்கு ஒருக்கால் கையில் ஏற்ற வேண்டும். மச்சாள் அந்த மருந்தையும் படலையடியில் மறிக்காமல் விடவில்லை.

"உது என்ன மருந்து? உது என்ன செய்யும்?"

டொக்டர்ப் பிள்ளை கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். "உங்கடை உடம்புக்குள்ளை காவற்காரர் இருக்கினம், அம்மா. ரத்தத்தோடை சுத்திக்கொண்டு திரியிறவை. சந்திக்கிற ஒவ்வொண்டையும் மறிச்சு, நீ எங்கடை ஆளோ, பிறத்தியோ எண்டு பார்ப்பினம். பிறத்தி எண்டால் அடிச்சு முடிச்சுப்போடுவினம்."

மச்சாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படி ஒரு கூட்டம் தனக்குள்ளேயே இருக்கிறது என்று இத்தனை வயதுக்கும் ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"பிறகேன் இந்தப் புற்றை உள்ளுக்கை விட்டவை?"

"புற்று வெளியிலையிருந்து வந்த சாமான் இல்லை. உங்கடை உடம்பிலையே பிறந்து பிழைச்சுப்போனது. அதாலை பார்வைக்குச் சொந்த ஆள் மாதிரி இருக்கும். அதோடை, காவற்காரர் கிட்ட வந்தால், நான் உங்கடை ஆள்தான் எண்டு காட்டி அவையளின்ரை கையைப் பிடிச்சு அமத்திப்போடும். அவையும் நம்பிப் பேசாமல் போயிடுவினம்."

மச்சாள் மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"நீர் ஒண்டும் கதையாதையும்."

நான் எங்கே கதைத்தேன். "தண்ணி மோட்டர்" என்று மட்டும் சொன்னேன்.

டொக்டர்ப் பிள்ளைக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதேதான் அம்மா" என்றார். "இந்த மருந்து புற்றைக் கொல்லாது. அது அமத்தி வைச்சிருக்கிற கையைத் தட்டிவிடும். அதுக்குப் பிறகு அடிக்கிறது உங்கடை ஆக்கள்தான்."

"கட்டாயம் அடிப்பினமோ?"

"சிலருக்கு இந்த மருந்து கேக்கும், சிலருக்குக் கேளாது. முதலே சொல்ல ஏலாது. இன்னொண்டு. கையை அவிட்டுவிட்ட காவற்காரர் சிலவேளை கண்மண் தெரியாமல் சொந்த வீட்டு ஆக்களையும் அடிப்பினம். வயித்தாலை போனால், மூச்செடுக்கக் கஷ்டமாய் இருந்தால், மேலெல்லாம் தடிச்சுக் கடிச்சால் உடனை எங்களுக்குச் சொல்ல வேணும். வீட்டு மருந்து ஒண்டும் செய்யக்கூடாது."

மச்சாள் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். வட்டுக்கோட்டைக் கணக்கு வாத்தியார் ஒருவரைத் தனக்கு யார் வழியாகத் தெரிந்திருக்கும் என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தார்.

மருந்து ஏற்றத் தொடங்கியது. ஊருக்கு ஒரே குறை, மச்சாளின் தலைமயிர் கொட்டவில்லை என்பதுதான். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவரென்றால் மொட்டைத் தலையோடு இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பலகாரம் கொண்டு பார்க்க வந்தவர்கள் கொண்டையைப் பார்த்து முகம் கோணிப் போனார்கள். ஒருத்தி, "உண்மையாய் அந்த வருத்தம்தானோ?" என்று என்னைத் தனியாக இழுத்துக் கேட்டாள். மச்சாளுக்கும் உள்ளுக்குள் சந்தேகம். சீப்பில் ஒரு மயிர் கூடுதலாக வந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஆனால் இடுக்கில் இருந்த நெல்லிக்காய் மிளகளவாகிவிட்டது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கடை ஆக்கள் வேலையைத் தொடங்கிட்டினம்" என்றார். தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆட்கள் மாதிரி.

அதற்குப் பிறகு ஒரு நாள் மீன்காரர் என் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். முகம் சரியில்லை.

"என்ன அக்கா, உங்கடை மச்சாளைக் காணேல்லை? ஒழுங்கைக்குள்ளை ஒரு தடங்கலும் இல்லாமல் வந்திட்டன். எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

நான் தலையிடி என்று இரண்டு நாளாக வெளியே வரவில்லை. வளவைக் கடந்து ஓடினேன். மச்சாள் அறைக்குள் கட்டிலில் கிடந்தார். உதடு வெடித்துக் கண் உள்ளே போயிருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"என்னப்பா செய்யுது உமக்கு?"

"ஒண்டுமில்லை. நோய் கழியுது."

"என்னெண்டு கழியுது?"

"வயித்தாலை. சின்னனிலை லீவு வந்தால் எங்களை வரிசையிலை இருத்தி ஆமணக்கெண்ணெய் பருக்கிறவை, நினைவிருக்கோ? உள்ளுக்கை கிடக்கிற அழுக்கெல்லாம் கழுவுண்டு போகும். உதுவும் அப்பிடித்தான். கட்டி கரைஞ்சதெல்லே. கரைஞ்சது எங்கையாலையும் வெளியாலை போகத்தானே வேணும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஒரு கணம் அது சரியாகத்தான் பட்டது. பேதி குடித்து வளர்ந்த எங்கள் வயதுக்காரர் எவருக்கும் அப்படித்தான் படும். அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே போத்தலைக் கண்டேன்.

"உது என்ன?"

"தொடக்கத்திலை கொஞ்சம் மந்தமாய்ப் போனது. அதுதான் ஒரு கரண்டி ஆமணக்கெண்ணெய் எடுத்தனான்."

மூலையில் ஒரு சேலை சுருட்டிக் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். இரத்தம்.

நான் தொலைபேசியை எடுத்தேன். படுத்துக்கிடந்தவர் எப்படி எழுந்தாரோ தெரியாது, அதை என் கையிலிருந்து பறித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டார்.

"ஆசுபத்திரிக்குச் சொல்லக்கூடாது."

"ஏன்?"

"உமக்கேன் அந்தக் கதை?"

"ஏன் எண்டு கேட்டனான், மச்சாள்."

மச்சாளை நான் இப்படி மறித்ததே இல்லை. அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கமும் நான் போய் நின்றேன்.

"சொன்னால் மருந்தை நிப்பாட்டிப்போடுவினம்" என்றார். "எங்கடை ஆக்களைப் பிடிச்சுக் கட்டிப்போடுவினம். பேந்து அது திரும்பி வரும். அந்தப் பிள்ளை சொன்னதை நான் கேக்கேல்லை எண்டு நினைச்சீரோ?"

அவர் அழவில்லை. ஆனால் அது படலையடிக் குரல் இல்லை. நோய் கழிகிறது என்ற கதையை அவர் பாதிதான் நம்பியிருக்கிறார். மற்றப் பாதி பயம். எத்தனையோ பேரை மறித்த மனுசி, இந்த ஒன்றை மறிக்க ஆளில்லாமல் போய்விடும் என்று பயந்து, இரத்தத்தோடு படுத்துக் கிடந்திருக்கிறார்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"உம்மடை ஆக்கள் இப்ப ஆரை மறிச்சு வைச்சு அடிக்கினம் தெரியுமோ? உம்மடை குடலை. பிறந்த நாள் தொடக்கம் உம்மோடை இருக்கிற சாமான். அதைப் பிடிச்சு நீ ஆர் எண்டு கேக்கினம்."

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"காணும்" என்றேன். "காணும் மச்சாள். விடும்."

அண்ணையைப் போலச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தாய் வயிற்றுக் குரல், அப்படி வந்துவிட்டது. மச்சாள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு தலையணைக்குக் கீழே கையை விட்டு, தொலைபேசியை எடுத்து என் மடியில் வைத்தார்.

ஓட்டோவில் ஏற்றும்போது கண் சொருகிக் கிடந்தவர், "தம்பி ஆரின்ரை மகன்?" என்று ஓட்டோக்காரரைக் கேட்டதில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆமணக்கெண்ணெய்க் கதையைக் கேட்ட டொக்டர்ப் பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு காவற்காரரை அடக்குகிற மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள். மச்சாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு துளியையும் பகையாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வயிறு அடங்கியது. கஞ்சி இறங்கியது. கட்டிலில் எழுந்து இருக்கத் தொடங்கியதும் பக்கத்துக் கட்டில்காரியின் தாய்வழி முழுவதும் எங்களுக்குத் தெரியவந்தது.

வீட்டுக்கு விடுகிற அன்று கேட்டார். "இனி அந்த மருந்து இல்லையோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. இன்னொருக்கால் குடுத்தால் உங்கடை குடல் தாங்காது."

"அப்ப அது திரும்பி வருமோ?"

"சிலருக்கு மருந்தை நிப்பாட்டின பிறகும் காவற்காரர் அந்த முகத்தை மறக்கமாட்டினம். உங்கடை ஆக்கள் எப்பிடியெண்டு பொறுத்துத்தான் பார்க்க வேணும்."

"மறக்காயினம்" என்றேன் நான். "ஆரின்ரை ஆக்கள் எண்டு தெரியாமல் கதைக்கிறீர், பிள்ளை."

மச்சாள் சிரிக்கவில்லை. "எனக்குப் படலையடிக்கு நடந்து போய் நிக்க ஏலுமோ? அதை மட்டும் சொல்லும்" என்றார். டொக்டர்ப் பிள்ளை அவருடைய காலைத் தொட்டுப் பார்த்து, "நிக்கலாம்" என்றார்.

சில மாதம் கழித்துப் படம் பிடித்துப் பார்த்தார்கள். டொக்டர்ப் பிள்ளை படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்டையும் காணேல்லை, அம்மா" என்றார்.

"காணேல்லையோ, இல்லையோ?"

பிள்ளை யோசித்தார். "காணேல்லை எண்டுதான் நான் சொல்லலாம்."

பஸ்ஸில் வரும்போது மச்சாளுக்கு அந்தப் பதில் நன்றாகப் பிடித்துவிட்டது. "நல்ல பிள்ளை. தெரியாததுக்குத் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கேல்லை" என்றார். கச்சேரியடித் தரிப்பிடம் வருவதற்குள் முன் சீற்றில் இருந்தவர் தன் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் அவர் சில வருஷம் படலையடியில் நின்றார். ஒவ்வொரு முறை படம் பிடிக்கப் போகும்போதும் முதல்நாளிலிருந்தே பேச்சுக் குறைந்துவிடும். திரும்பி வரும்போது இரண்டு மடங்காகும். புற்று திரும்பி வரவே இல்லை.

போன மாரி முடிந்த கையோடு ஒரு காலமை, தும்புத்தடி, விளக்குமாறு விற்கிறவர் ஒருவர் வந்தார். ஊருக்குப் புதியவர். நான் கிணற்றடியில் நின்றேன். செருமல் கேட்டது. "ஆர் நீங்கள்? எந்த ஊர்?" என்று கேட்டதும் கேட்டது. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டுத் தும்புத்தடிகளைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்த மனிதர் பதில் சொல்லத் திரும்பியிருக்கிறார். மச்சாள் படலையின் மேல் கைகளைப் போட்டபடி, கைகளின் மேல் தலையை வைத்திருந்தார். இருதயம் நின்றுவிட்டது என்றார்கள். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த மனிதர்தான் ஓடி ஓடி அயலைக் கூப்பிட்டார். பிறகு அவரைக் காணவில்லை.

மகள் வந்து சேர்ந்து, செத்த வீடு நடந்த அன்று, பறை தொடங்குவதற்குச் சற்று முன்னர் அந்தத் தும்புத்தடிக்காரரை மறுபடி கண்டேன். துவைத்த சேட்டுப் போட்டிருந்தார். படலைக்கு வெளியே நின்றார். சனமெல்லாம் அவரைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கிட்டப் போனேன்.

"அண்டைக்கு அம்மா கேட்டவ" என்றார். "நான் சொல்ல முந்தி..."

அவர் சேட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"நான் வரணி. அம்மா கொடிகாமத்துப் பக்கம். சந்தைக்குப் பின்னாலை வீடு."

நான் படலையை அகலத் திறந்து விட்டேன்.

"எனக்கேன் சொல்லுறியள்?" என்றேன். "உள்ளை வாங்கோ. அவவிட்டைச் சொல்லுங்கோ."